ஆபரேஷன் தியேட்டருக்குள் உப்புக் காற்று: கேட்டதும் சொன்னதும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் மெஷின்), லேப்ரோஸ்கோப் (சிறு துளை வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்), ஸ்கேன் மெஷின்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவையும் பதில்களும் இங்கே.

மண்டபத்திலிருந்து ஒரு நர்ஸ்: சார், எங்கள் சி-ஆர்ம் காலையில் ஆன் செய்தால் எரர் காட்டி நின்றுவிடுகிறது. பதினோரு மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிடுகிறது. சர்வீஸ் ஆள் வரும்போதெல்லாம் நன்றாக ஓடுகிறது.

அவர் வருவதே மதியம்தானே அம்மா! சாயங்காலம் கேஸ் முடிந்ததும் ஏசியை அணைத்துவிட்டு, கழுவிய தரை காயட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்களா? அப்படியென்றால் கோளாறு அங்கேதான். மெஷின் ஜில்லென்று இருக்கும்போது கடல் காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது போல உள்ளேயும் வியர்க்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகள் மேல் ஏற்கெனவே உப்புத்தூள் படிந்திருக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சமையல் உப்பு ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதத்தில் நீர்விடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு 33 சதவீதமே போதும். அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போகும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும், எரரும் மறைந்துவிடும்.

ஏசியை அணைத்தபின் கதவு, ஜன்னல் மூடியே இருக்கட்டும். ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்று இரவு முழுக்க ஓடட்டும். சுவரில் ஈரப்பத மீட்டர் ஒன்றை மாட்டுங்கள், 60-ஐத் தாண்ட விடாதீர்கள். மெஷினைப் பருத்தித் துணியால் மட்டும் மூடுங்கள். ஓர் ஆஸ்பத்திரியில் தார்ப்பாயால் பொட்டலம் கட்டியதுபோல மூடி வைத்திருந்தார்கள். நான் தூக்கியபோது தார்ப்பாயின் உட்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பேனலைக் கழற்றினால் செம்பு இணைப்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அடுத்த சர்வீஸில் போர்டுகளைச் சுத்தம் செய்து, வார்னிஷ் போன்ற பாதுகாப்புப் பூச்சு போட முடியுமா என்று கம்பெனியிடம் கேளுங்கள். பாம்பன் பாலத்துக்கு விடாமல் பெயின்ட் அடித்ததும் இதே உப்புக்குப் பயந்துதான். நீங்களாகத் திறக்க வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

பரமக்குடியிலிருந்து ஒரு சர்ஜன்: லேப்ரோஸ்கோப்பை உள்ளே விட்டதும் படம் மங்குகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

வேண்டாம் டாக்டர். 20 டிகிரி அறையில் கிடந்த கண்ணாடி, 37 டிகிரி ஈரமான வயிற்றுக்குள் போகிறது. பனி படியாமல் என்ன செய்யும்? ஸ்டெரைல் வெந்நீர் உள்ள பிளாஸ்கில் நுனியைச் சில நிமிடம் வைத்து, துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். வெளியே எடுக்கும்போதெல்லாம் இதையே செய்யுங்கள். இதற்குப் பிறகும் மங்கினால், வெளியே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதும் மங்கலாகவே இருந்தால் சீல் போய் உள்ளே ஈரம் இறங்கியிருக்கும், அது பழுதுபார்க்க அனுப்ப வேண்டிய கேஸ். இன்னொன்று, லேப்ரோஸ்கோப்புக்கு வெளிச்சம் தரும் செனான் பல்புக்கு ஆயுள் சுமார் 500 மணி நேரம்தான். அது கிழடாகி வெளிச்சம் குறைந்ததற்குக் கேமராவைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்து வாங்கும்போது எல்இடி வாங்குங்கள். சூடும் குறைவு, யுபிஎஸ்ஸுக்கும் சுமை குறைவு.

கீழக்கரையிலிருந்து ஒரு மாணவர்: காக்கா (அண்ணா), ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்கிறார்கள். எங்கள் கருவிகளில் புள்ளிப் புள்ளியாகத் துரு இருக்கிறதே?

தம்பி, உப்பில் இருக்கும் குளோரைடுக்கு முன்னால் அந்தப் பெயர் செல்லாது. நம்மூர் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாலே தெரியும். எதில் கழுவினாலும் கடைசி அலசல் ஆர்ஓ தண்ணீரில் இருக்கட்டும், உடனே துடைத்துக் காயவையுங்கள். சலைனில் ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அது உப்புத் தண்ணீரேதான்!

ராமேசுவரத்திலிருந்து: கையடக்க ஸ்கேன் கருவி வாங்கி, வீடு வீடாகப் போய்ப் பார்க்கலாமா?

கருவியால் முடியும், சட்டம் விடாது. 1994-ஆம் ஆண்டின் கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டப்படி எல்லா ஸ்கேன் கருவியும் பதிவாக வேண்டும், பதிவான இடத்தில்தான் இயங்க வேண்டும். வெளியே கொண்டுபோக எந்தெந்த விதிவிலக்கு உண்டு என்று மாவட்ட சுகாதார அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

சாயல்குடியிலிருந்து ஒரு தியேட்டர் டெக்னீஷியன்: எக்ஸ்ரே கதிரைத் தடுக்க மாட்டிக்கொள்ளும் லெட் ஏப்ரன் (ஈய அங்கி) புழுக்கம் தாங்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றால் போதாதா?

தள்ளி நிற்பது நல்லதுதான். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்காகக் குறையும். ஆனால் அது ஏப்ரனோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, ஏப்ரனுக்குப் பதிலாக அல்ல. எக்ஸ்ரே டியூப் மேசைக்கு அடியில் இருக்கும்படி சி-ஆர்மை வைக்கச் சொல்லுங்கள், சிதறும் கதிர் முகத்துக்கு வருவது குறையும். கழற்றிய ஏப்ரனை மடித்து ஸ்டூலில் போடாமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மடித்த இடத்தில் ஈயம் விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை சி-ஆர்மின் கீழேயே அதை விரித்து ஸ்கிரீனில் பாருங்கள், விரிசல் வெள்ளைக் கோடாகவோ கறுப்புக் கோடாகவோ பளிச்சென்று தெரியும்.