8கே பெட்டியும் 36 மாதத் தவணையும்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எலக்ட்ரீஷியன். வயது 38. மனைவி தொழிற்சாலைக்குப் போகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 5,200 வெள்ளி வரும், செலவு 4,000. சேமிப்பில் 9,000 இருக்கிறது. வீட்டு டிவியில் கோடு விழுந்துவிட்டது. பட்டணத்துக் கடையில் 75 அங்குல 8கே டிவி (இப்போதைய 4கே-யைவிட நுணுக்கமான திரையாம்) 12,800 வெள்ளி. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கிலிருந்து 2,000 எடுத்து முன்பணம் கட்டினால், மீதி 10,800-க்கு மாத வட்டி 1.25 விழுக்காடுதானாம்; 36 மாதம், மாதம் 435. "இனிமேல் எல்லாம் 8கேதான், இப்பவே வாங்கினா பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல" என்கிறார் கடைக்காரர். பால்மரம் சீவி ஓய்வுபெற்ற அப்பாவோ "எதுக்குடா அவசரம்?" என்கிறார். அக்கா கல்யாண விஎச்எஸ் வீடியோ கேசட்டுகள் இரண்டைப் புது டிவியில் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவர் ஆசை. வாங்கலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம். அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் கணக்கோடு சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் சித்தப்பா ஒரு தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவராக, இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், போனஸ் காசோடு கொஞ்சம் கடனும் வாங்கிச் சேர்த்து, பீட்டாமேக்ஸ் வகை வீடியோ பிளேயர் ஒன்று வாங்கினார். அந்தத் தோட்டத்துக்கே முதல் வீடியோ. சனிக்கிழமை இரவு வாசலில் பாய் விரிப்பார்கள், தலைக்கு ஐம்பது காசு, விடிய விடியப் படம். சித்தப்பாவின் நடையே மாறிப்போனது. சில வருடங்களில் பட்டணத்து வீடியோ கடையில் அவருடைய பெட்டிக்கான கேசட்டுகள் இருந்த அலமாரி சுருங்கிச் சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விட்டது. மற்ற அலமாரியெல்லாம் விஎச்எஸ் என்ற போட்டி வகை. அவருடைய பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. படம் விஎச்எஸ்ஸைவிடத் தெளிவு என்று கடைசிவரை வாதாடினார். போட்டுப் பார்க்கத்தான் புதுப் படம் கிடைக்கவில்லை. அப்புறம் சித்தி அதன்மேல் பூ வேலை செய்த துணி விரித்து ஒரு பூச்சாடியை வைத்துவிட்டார். கடன் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

பீட்டாமேக்ஸ் சந்தைக்கு வந்தது 1975-ல். அடுத்த வருடமே ஜேவிசி விஎச்எஸ்ஸைக் கொண்டுவந்தது. 1988-ல் பீட்டாமேக்ஸைப் பெற்றெடுத்த சோனியே விஎச்எஸ் பெட்டி தயாரிக்க ஆரம்பித்தது. சித்தப்பா பெட்டியை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்தார். ஆனால் அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுக்கிற முடிவு படக் கம்பெனிக்காரர்கள், கேசட் கடைக்காரர்கள், மற்ற தயாரிப்பாளர்கள் கையில் இருந்தது. அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிவதற்கு முன்பே அவர் காசைக் கட்டிவிட்டார். இதைப் பந்தயம் என்றுதான் நான் சொல்வேன். அதுவும் குதிரையைப் பார்க்காமல் கட்டிய பந்தயம்.

அது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2006-ல், டிவிடிக்கு அடுத்து வந்த இரண்டு வட்டு வகைகளான எச்டி டிவிடியும் புளூ-ரேயும் மோதின. 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் புளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சரி, ஜெயித்த பக்கம் நின்றவர்களாவது தப்பித்தார்களா என்றால் அதுவும் முழுசாக இல்லை. அமெரிக்காவில் முதலில் வந்த புளூ-ரே பிளேயரின் விலை ஏறக்குறைய 1,000 டாலர். அந்த ஆரம்பகாலப் பெட்டிகள் பலவற்றில் இணைய இணைப்புக்கு வழியே இல்லை. அதனால் பிறகு வந்த வட்டுகளில் இருந்த கூடுதல் அம்சங்கள் அவற்றில் ஓடவில்லை. சில வருடம் பொறுத்தவர்கள் அதைவிட நல்ல பெட்டியை மிகக் குறைந்த விலையில் வாங்கினார்கள்.

3டி டிவி ஞாபகம் இருக்கிறதா? 2010-ல் கடைக்குக் கடை கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். 2017-க்குள் பெரிய தயாரிப்பாளர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கண்ணாடிகளை இன்றும் சில வீடுகளில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு விளையாடுகிறார்கள்.

4கே கதை உங்களுக்கு இன்னும் நெருக்கம். 2012-ல் சோனியின் 84 அங்குல 4கே டிவி 25,000 அமெரிக்க டாலர். அடுத்த வருடம் செப்டம்பரில்தான் எச்டிஎம்ஐ 2.0 என்ற இணைப்புத் தரமே வெளிவந்தது. முதலில் வாங்கிய பலருடைய பெட்டியில் அந்த வசதியும் இல்லை, 4கே படங்களுக்குப் பிறகு தேவைப்பட்ட திருட்டுத் தடுப்புப் பூட்டைத் திறக்கும் வசதியும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே தர ஆரம்பித்தது 2014-ல். வாங்கியவர்களிடம் திரை இருந்தது, படம் வரும் வாசல் அடைத்திருந்தது. நம் நாட்டிலும் இது நடந்தது. 2019-ல் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றபோது, பெட்டியில் "டிஜிட்டல்" என்று எழுதியிருந்தாலே போதும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். மலேசியா எடுத்தது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறை. பழைய டிவிபி-டி மட்டும் வாங்கும் பெட்டிக்கு அது புரியாது. தனியாக ஒரு டிகோடர் வைக்க வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் 8கே. 4கே-யைவிட நான்கு மடங்கு புள்ளிகள், மொத்தம் மூன்று கோடியே முப்பது லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. எதைப் பார்ப்பீர்கள்? ஆஸ்ட்ரோவும் நெட்ஃபிளிக்ஸும் உச்சமாகத் தருவது 4கே. கடையில் விற்கும் அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டும் 4கேதான். ஜப்பானில் என்எச்கே தொலைக்காட்சி 2018 டிசம்பரில் 8கே ஒளிபரப்பை ஆரம்பித்தது. அது இங்கே வராது. யூடியூபில் சில காட்சிகள் உண்டு. மலை, கடல், மீன் என்று கடைக்காரர் போட்டுக் காட்டியது பெரும்பாலும் அந்த மாதிரிதான் இருக்கும். மற்ற எல்லா நேரத்திலும் அந்தப் பெட்டி குறைந்த தரப் படத்தைப் பெரிதாக்கித்தான் காட்டும்.

கண் வேறு இருக்கிறது. 75 அங்குலத் திரையில் 4கே-யின் புள்ளிகளே ஏறத்தாழ ஐந்து அடிக்கு அப்பால் சராசரிக் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. உங்கள் வீட்டு நாற்காலி எத்தனை அடியில் இருக்கிறது என்று இன்று இரவு அளந்து பாருங்கள்.

"இனிமேல் எல்லாம் 8கேதான்" என்கிறாரே கடைக்காரர், தயாரிப்பாளர்கள் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. சாம்சங் 2018-ல் விற்க ஆரம்பித்தது. சோனி 2025-ல் தன் 8கே டிவிகளை நிறுத்திவிட்டது. பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று அவர் எந்தத் தைரியத்தில் சொன்னாரோ!

காசு விஷயத்துக்கு வருகிறேன். மாதம் 1.25 விழுக்காடு என்பது காதுக்குச் சின்னதாக ஒலிக்கும். ஆனால் கடன் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. முதல் மாதமும் 10,800-க்கு வட்டி, கடைசி மாதமும் அதே 10,800-க்கு வட்டி. மாதம் 135, மூன்று வருடத்தில் 4,860. குறைந்துவரும் பாக்கியின் மேல் கணக்குப் போட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 26 விழுக்காடு வட்டிக்குச் சமம். முன்பணத்தோடு பெட்டியின் உண்மை விலை 17,660 வெள்ளி. கடைசித் தவணை கட்டும் நாளில் அதே பெட்டியை யாரிடம் விற்றாலும் என்ன கிடைக்கும் என்று உங்கள் ஆலை நண்பர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள்.

உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தவணை ஒன்றும் புதிதில்லை. உங்கள் ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் சிறு சிறு தொகையாகக் கட்டித்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தத் தவணை முடிந்தபோது கையில் நிலம் இருந்தது.

மூன்றாம் கணக்கை எடுக்க முடியும் என்பதற்காக எடுக்காதீர்கள். அந்த 2,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 5.5 விழுக்காடு கிடைப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் 55-வது வயதில் ஏறத்தாழ 5,000 ஆகியிருக்கும். 2024-க்கு இபிஎஃப் கொடுத்ததோ 6.30 விழுக்காடு.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். 65 அங்குல 4கே டிவி, போன வருட மாடல், 2,500 வெள்ளிக்குள் பாருங்கள். உங்களுக்கு மாதம் 1,200 மிச்சமாகிறது. இரண்டு மாதம் பொறுத்தால் ரொக்கமாகவே வாங்கிவிடலாம், சேமிப்பிலிருந்து நூறு வெள்ளிக்கு மேல் எடுக்க வேண்டியிருக்காது. பட்டணத்தில் பழுது பார்ப்பவருக்குக் கைபழகிய மாடலா என்று கேட்டு வாங்குங்கள். திரை உடைந்தால் எந்த டிவிக்கும் செலவு பெரிதுதான். அரிதான திரை என்றால் பாகத்துக்கே காத்திருக்க வேண்டும். இடி மின்னலைப் பற்றி எலக்ட்ரீஷியனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் சேதத்துக்கு உத்தரவாதம் உண்டா என்பதை மட்டும் அட்டையில் படித்துவிடுங்கள்.

பிறகு, கட்டத் தயாராக இருந்த அந்த 435-ஐ டிவி வாங்கியது முதல் 36 மாதம் வங்கியில் போடுங்கள். 15,660 ஆகும். இருக்கிற 9,000-உடன் சேர்த்தால் வட்டி இல்லாமலேயே 24,000-ஐத் தாண்டும். உங்கள் வீட்டுக்கு ஆறு மாதச் செலவு அது. இன்று இருப்பது இரண்டே கால் மாதத்துக்குத்தான் வரும்.

அப்பாவின் கேசட் விஷயம்தான் உண்மையில் அவசரம். புது டிவிகள் பலவற்றில் பழைய மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளே இல்லை. விஎச்எஸ் பெட்டி தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டது. ஓடும் பெட்டிகள் வருடா வருடம் குறைகின்றன. நம் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் சன்னல் வழியே பாருங்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள், நாடாவோடு பெட்டியும் கெடும். ஈப்போ பக்கம் கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றித் தருகிறவர்களை விசாரித்து, பூஞ்சையைச் சுத்தம் செய்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள். மாற்றியதும் ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி அக்காவிடம். தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது போட்டுக் காட்டுங்கள். அதற்கு 4கே-கூடத் தேவைப்படாது.