எந்தக் கருத்தடை யாருக்குப் பொருந்தும்? நர்சம்மாவிடம் கேளுங்கள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எல்லாரும் நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். முதலிலேயே ஒன்று: பிரஷர் பார்க்காமல் கருத்தடை மாத்திரை தொடங்காதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். வருடம் ஒருமுறை ஒன்றரை மாதம் வருவார். பையனுக்கு 3 வயது. அந்த ஒன்றரை மாதத்துக்காக வருடம் முழுக்க மாத்திரை போட வேண்டுமா நர்சம்மா?

நம் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிற கேள்வி, தாயி. வருடம் முழுக்கப் போட வேண்டாம். ஆனால் அவர் வந்து இறங்கிய அன்று தொடங்கினாலும் பலிக்காது. மாதவிலக்கான முதல் 5 நாளுக்குள் மாலா என் என்ற தினசரி கருத்தடை மாத்திரையைத் தொடங்கினால் உடனே பாதுகாப்பு, அதற்குப் பிறகு தொடங்கினால் 7 நாள் ஆணுறையும் வேண்டும். அதனால் அவர் வருவதற்கு முந்தைய மாதவிலக்கிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வருகிறேன் என்றவர் திடீரென்று இரண்டு வாரம் முன்னாலேயே வந்து நிற்பதும் உண்டு. அப்படி வந்த வருடத்தில் உண்டான பிள்ளைகளின் பிரசவத்துக்கு நானே ஆஸ்பத்திரிக்குக் கூடப் போயிருக்கிறேன்.

இன்னொன்று, வருடா வருடம் நிறுத்தி நிறுத்தித் தொடங்குவது எனக்குப் பிடிக்காது. இந்த மாத்திரையால் ரத்தம் கட்டுவது அபூர்வம்தான், ஆனால் அந்த ஆபத்து புதிதாகத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் கூடுதல். அந்தரா என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒன்று, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகும். அடுத்த பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற வருடத்தில் அவர் வந்துபோகும் ஒன்றரை மாதம் வீணாகிவிடலாம்.

இன்னும் சில வருடத்துக்குப் பிள்ளை வேண்டாம் என்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி. 5 வருடத்துக்கு ஒரு வகை, 10 வருடத்துக்கு ஒரு வகை உண்டு. எடுத்த மாதமே கரு தங்க வாய்ப்பு உண்டு. முதல் சில மாதம் உதிரப்போக்கு அதிகமாகும், வயிறு வலிக்கும். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தால் அதை முதலில் சரி செய்துகொள்ளுங்கள். அடுத்த வருடமே பிள்ளை வேண்டும் என்றால் ஆணுறை போதும், ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் போட்டால்.

பள்ளத்தூரிலிருந்து: குழந்தைக்கு 5 மாதம். பால் கொடுக்கும்வரை தங்காது என்கிறார் மாமியார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. தாய்ப்பால் மட்டுமே பகலும் இரவும் கொடுக்க வேண்டும், மாதவிலக்கு இன்னும் வந்திருக்கக் கூடாது, குழந்தைக்கு 6 மாதம் தாண்டியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தக் காவல். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. முதல் மாதவிலக்கு வருமுன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம், ‘தூரமே வரவில்லையே’ என்று இருந்துவிடாதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கு சாயா மாத்திரை நல்லது, அதில் ஹார்மோன் இல்லை. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு வாரம் ஒன்று. காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். மாலா என் இப்போது வேண்டாம், பால் குறையலாம்.

தேவகோட்டையிலிருந்து: காப்பர் டி மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்கிறார்களே?

போகாது. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே இல்லை. போடும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கலாம், அதனால்தான் பயிற்சி பெற்றவரிடம் போடச் சொல்கிறோம்.

புதுவயலிலிருந்து: இந்த மாதம் மூன்று முறை 72 மணி நேர மாத்திரை போட்டேன். இனிமேல் இதையே தொடரலாமா?

வேண்டாம் தாயி. அது ஆபத்துக்கு ஒருமுறை போடுவது. நடந்ததற்குத்தான் காவல், நாளைக்கு இல்லை. அடிக்கடி போட்டால் மாதவிலக்கு தாறுமாறாகும், அப்படியும் கரு தங்கிவிடலாம். நாள் தள்ளியிருந்தால் முதலில் சிறுநீர் சோதனை. தங்கியிருந்தால் கடையில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரைக்குக் கலையாது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரிடம் போங்கள், சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது.

சாக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி: இரண்டும் சிசேரியன். மனைவிக்கு ரத்தம் குறைவு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை நான் செய்துகொள்ளலாமா?

இந்தக் கேள்வியை ஒரு ஆண் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! தாராளமாகச் செய்துகொள்ளலாம் தம்பி. தழும்பில்லாத நவீன வாசக்டமி என்று கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியாக விந்துக் குழாயைக் கட்டிவிடுவார்கள். 10, 20 நிமிடம்தான், தையல் கிடையாது, அன்றைக்கே வீடு. பெண்ணுக்கு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். ஆனால் இது நிரந்தரம் என்று நினைத்துச் செய்யுங்கள், மறுபடி இணைத்தாலும் பலிக்கும் என்று உறுதி இல்லை.

குறுக்கே, தேவகோட்டை அண்ணன் ஒருவர்: மூட்டை தூக்குகிற ஆளுக்கு இதைச் சொல்லாதீர்கள். பலம் போய்விடும். அந்த விஷயத்திலும் ஆம்பளையாக இருக்க முடியாது.

இல்லை அண்ணே. ஆண்மைக்கான ஹார்மோன் விதையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது, அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை. கட்டுவது உயிரணு வரும் வழியை மட்டும். ஆசையும் குறையாது, விறைப்பும் குறையாது, விந்து நீர் வருவதும் நிற்காது. ஒரு வாரம் மூட்டை தூக்க வேண்டாம், அப்புறம் பழையபடி.

அதே அண்ணன்: என் சித்தப்பா செய்த பிறகும் சித்திக்குத் தங்கியதே?

எத்தனை மாதத்தில் என்று கேட்டீர்களா? குழாயில் ஏற்கெனவே இருக்கும் உயிரணு தீர 3 மாதம் ஆகும். அதுவரை ஆணுறை. 3 மாதம் கழித்து விந்துச் சோதனையில் உயிரணு இல்லை என்று வந்த பிறகுதான் விடலாம். பல பேர் சோதனைக்கு வருவதே இல்லை, கடைசியில் பழி மனைவி மேல் விழுகிறது. அப்படிச் சந்தேகப்பட்டு அடி வாங்கிய ஒரு பெண்ணுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். இன்னும் மறக்கவில்லை.

கோட்டையூர் அக்கா ஒருவர்: என் வீட்டுக்காரர் செய்து 9 வருடம் ஆகிறது. கொத்தனார் வேலைதான் பார்க்கிறார், ஒரு குறையும் இல்லை.

நன்றி தாயி. அண்ணே, உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1976இல் நாட்டின் பல இடங்களில் ஆண்களைப் பிடித்துக் கட்டாயப்படுத்திச் செய்தார்கள். அது பெரிய தவறு. அந்தத் தலைமுறையின் பயம் இன்னும் பேச்சில் ஓடுகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது, இரண்டு முறை வயிறு கிழிபட்ட பெண்ணா? தம்பி கேட்டது அதைத்தான்.

திருப்பத்தூரிலிருந்து: எனக்கு ஆபரேஷன் செய்யக் கணவர் கையெழுத்து வேண்டுமா?

வேண்டாம், உங்கள் சம்மதம் போதும். வயது 22 முதல் 49க்குள், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும்.

கண்டனூரிலிருந்து: ஒற்றைத் தலைவலி வரும்போது கண்ணில் மின்னல் மாதிரி தெரியும். மாலா என் போடலாமா?

கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். டாக்டரிடம் இதைச் சொல்லி வேறு முறை கேளுங்கள்.

குன்றக்குடியிலிருந்து: பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டிக்கு) என்ன மாத்திரை?

பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். இங்கே சொல்லக் கூடாது.

இன்னும் நால்வர்: காப்பர் டி நெஞ்சுக்கு ஏறுமா?

மேலே தேவகோட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கொத்தமங்கலத்திலிருந்து: நானும் காப்பர் டி பற்றித்தான், கோபிக்காதீர்கள். நெஞ்சுக்குப் போவது பற்றி இல்லை. போன மாதம் வரை கைக்குத் தட்டுப்பட்ட நூல் இப்போது தட்டுப்படவில்லை.

கோபம் இல்லை தாயி, நல்லவேளை கேட்டீர்கள். நூல் உள்ளே சுருண்டிருக்கலாம், காப்பர் டி உங்களுக்குத் தெரியாமலே விழுந்தும் இருக்கலாம். நாளைக்குக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கர்ப்பச் சோதனை செய்யச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். அதுவரை ஆணுறை. வயிற்று வலியோ காய்ச்சலோ இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் இன்றைக்கே கிளம்புங்கள்.