வாசகர் கேள்வி: வளரக் கொடுத்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம்

கேள்வி: நான்கு வயதில் மூதூரில் ஒரு குடும்பத்திடம் என்னை வளரக் கொடுத்தார்கள். இப்போது 34 வயது. பிறப்புப் பத்திரம் இல்லை. பாடசாலையில் தகப்பன் பெயராக வளர்த்தவரின் பெயரே இருக்கிறது. எங்கே தொடங்குவது?
– வாசகி, திருகோணமலை

பதில்: முதலில் பதிவு உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். பிறப்பு, பிறந்த இடத்தின் பிரிவில்தான் பதிவாகும். வளர்ந்த ஊரில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்புபவர்களே அதிகம். பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் தேடுதலுக்கு விண்ணப்பியுங்கள். பிறந்த ஆண்டு சந்தேகமென்றால் முன்பின் ஆண்டுகளையும் தேடச் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் எழுதாமல், தாயின் பெயரை எல்லா எழுத்து வடிவங்களிலும் கொடுங்கள். ‘புவனேஸ்வரி’ இடாப்பில் ‘புவனேசுவரி’யாக இருக்கலாம்.

கிடைக்கவில்லையா? பதிவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். காலங்கடந்த பதிவுக்கு அதுதான் அடித்தளம். பிறந்து மூன்று மாதம் கடந்தாலே அந்த வழிதான். பாடசாலைச் சேர்விடாப்புப் பிரதி, கிளினிக் அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம், உங்கள் பிறப்பை அறிந்த மூத்தவர்களின் சத்தியக் கடதாசி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வளர்த்தவரைப் பெற்ற தகப்பனாக எழுதிவிடாதீர்கள். பொய்க் கூற்று என்பதோடு, பிறகு காணி உரிமையிலும் கடவுச்சீட்டிலும் முடிச்சு விழும். நீதிமன்றத் தத்தெடுப்பு நடந்திருந்தால் வழியே வேறு. தத்தெடுப்புப் பதிவைக் கேளுங்கள்.

சிறுவர் இல்லத்திலும் இருந்தீர்களானால், அத்தகைய இல்லங்களைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலகத்தில் உங்கள் கோப்பைக் கேளுங்கள். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும்.