கவுன்சிலர் தேர்தல்ல சுயேச்சையா நின்ன அனுபவம் எப்படி? தெருவுக்காக ஓடறவங்க நிக்கலாமா?

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்ல எங்க நகராட்சியில ஒரு பெண்கள் வார்டுல சுயேச்சையா நின்னேன், மூணாவது இடம் வந்தேன். தாராளமா நிக்கலாம்ங்க, ஆனா நான் விட்ட இடத்த நீங்க விட்ராதீங்க.

ஆரம்பம் எங்க தெரு சாக்கடை. 2011க்கு அப்புறம் நகராட்சித் தேர்தலே நடக்கல, 2016ல அறிவிச்சதும் கோர்ட்ல நின்னுபோச்சு, அதனால போய் சொல்ல கவுன்சிலர்னு ஒருத்தர் கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். புதுசா கட்டின கால்வாய்ல தண்ணி ஓடாம வாசல்ல தேங்குது, மூணு மனு குடுத்தும் "மண்ணு அடைச்சிருக்கும்மா, ஆள் அனுப்பறோம்"னே பதில். ஒருநாள் எங்க தெரு கொத்தனார் அண்ணன் மட்டம் பாக்குற தண்ணி டியூப எடுத்துட்டு வந்து ரெண்டு முனையிலயும் புடிச்சு காட்டுனாரு, தண்ணி போய் விழ வேண்டிய முனை நாலு இஞ்ச் மேடு! வாட்டமே இல்லாம கட்டிருக்காங்க. தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எஸ்டிமேட், எம்-புக் (கட்டுன வேலைய அளந்து எழுதற அளவுப் புத்தகம்) நகல் ரெண்டும் கேட்டேன், அதுக்கப்புறம்தான் நகராட்சி ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) நேர்ல வந்தாரு, அவர் முன்னாடியே டியூப புடிச்சோம், எட்டு மாசத்துல இடிச்சுக் கட்டுனாங்க. வாய்ல சொன்னது எதுவும் நிக்காது, ஒப்புகை ரசீது இருக்கற மனுதான் நிக்கும்.

அந்த தைரியத்துல 2000 ரூபா டெபாசிட் கட்டி நின்னேன். பிப்ரவரி 7 எனக்கு பூட்டு சாவி சின்னம் வந்துச்சு, 17 சாயங்காலம் பிரச்சாரம் முடிஞ்சுது. கட்சிக்காரங்களுக்கு சின்னம் ஊருக்கே தெரியும், நாம பத்து நாள்ல பூட்டு சாவிய ஒவ்வொரு வீட்டு மனசுலயும் பதிக்கணும், அது முடியாத காரியம், அதனால சின்னத்துக்கு முன்னாடியே நம்ம மூஞ்சி தெரிஞ்சிருக்கணும்.

எனக்கு தெரிஞ்சிருந்தது பாதி வார்டுக்குத்தான். எங்க பக்கத்து பூத்ல 160 ஓட்டு, தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் 11. அங்க ஓட்டு கேக்கப் போனப்ப ஒரு அக்கா, "சாக்கடைய சரி பண்ணீங்க சந்தோசம் கண்ணு, எங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி விடறாங்களே, அது தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியாது. ஒரே வார்டு, நடந்தா பத்து நிமிசம்கூட ஆகாது, அத்தன வருசத்துல நான் ஒருதடவ கூட அந்தப்பக்கம் போய் கேட்டதில்ல. தோத்தத விட இதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

தேர்தல் முடிஞ்சதும் அங்க போனேன். நாலஞ்சு அக்காங்க சேர்ந்து எந்த நாள், எத்தன மணிக்கு தண்ணி, எத்தன குடம்னு ரெண்டு மாசம் நோட்ல எழுதுனாங்க. 2022 நவம்பர் 1ல முதல்முறையா ஏரியா சபா (வார்டுல அந்தந்தப் பகுதி மக்கள் கூடி குறை சொல்ற கூட்டம்) நடந்தப்ப அந்த நோட்ட மேசை மேல வச்சது நான் இல்ல, அந்த அக்காதான். இப்ப அங்க காலைல அஞ்சு மணிக்கு தண்ணி வருது.