பூட்டிய கதவு – ஒரு கடிதம்

வணக்கம். எங்கள் எதிர்வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை. தாய் காலை எட்டுக்குப் பனியன் கம்பெனிக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருகிறாள். தகப்பன் குடி. எட்டு வயது அக்காவையும் குழந்தையையும் உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். இப்போதெல்லாம் குழந்தை அழுவதுகூட இல்லை. அங்கன்வாடி அம்மா மூன்று முறை வந்து, வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிட்டார். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களா? இந்த மாதிரித் தாய்களைக் கைது செய்தால் என்ன?
கோமதி, திருப்பூர்

அன்புள்ள கோமதி,

கைது வேண்டாம். அவளை உள்ளே தள்ளினால் குழந்தைக்கு இருக்கிற தாய்ப்பாலும் கூடவே போய்விடும். பிடுங்கிக்கொண்டு போவதும் முதல் வழி அல்ல; குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குடும்பத்தோடு வைத்தே காப்பாற்ற, மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு.

‘அழுவதுகூட இல்லை’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? பட்டினி கிடக்கும் சிசு ஒரு கட்டத்துக்குமேல் அழத் தெம்பில்லாமல் அடங்கிவிடும். எனக்கு எழுதிய நேரத்தில் நீங்கள் 1098-ஐ அழுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் என்னை எழுத வைத்தது பூட்டிய கதவுதான். ‘வீடு பூட்டியிருந்தது.’ பதிவேட்டில் இப்படி எழுதியதும் ஊழியரின் அன்றைய வேலை முடிந்துவிடுகிறது. அந்த வரியில் வீடு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, குழந்தை எங்கே? உங்கள் எதிர்வீட்டில் அது பூட்டுக்கு உள்ளேயே இருந்திருக்கிறது! எழுத வேண்டியது ‘குழந்தையைப் பார்க்கவில்லை’ என்று. அப்படி எழுதினால் அடுத்து யாராவது பார்த்தே தீர வேண்டும். பிரிட்டனில் மருத்துவமனைக்கு வராத குழந்தையை ‘வரவில்லை’ என்று குறிக்காமல் ‘அழைத்து வரப்படவில்லை’ என்று குறிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். சிசு தானாக நடந்து வராது.

அதே நாட்டில், லண்டன் ஹாரிங்கேயில், 2007 ஆகஸ்டில் பதினேழு மாதக் குழந்தை பீட்டர் கானலி இறந்தான். கடைசி எட்டு மாதங்களில் அதிகாரிகளும் மருத்துவர்களும் அவனை அறுபது முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள். முகத்துக் காயங்கள் சாக்லேட் பூசி மறைக்கப்பட்டிருந்தன. வந்தவர் துடைத்துப் பார்க்கவில்லை. வருகைகளுக்குக் கணக்கு இருந்தது.

ஆகவே ஒருமுறை பூட்டியிருந்தாலே அன்று மாலை ஏழுக்கு மேல் மறுபடி போக வேண்டும். இரண்டாவது முறையும் குழந்தையைப் பார்க்க முடியாவிட்டால் மேற்பார்வையாளருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அன்றே தகவல் போக வேண்டும். போனவர் துணியைக் களைந்து எடை போட வேண்டும். தொங்கு தராசு என்றால் வெறும் தொட்டிலோடு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 200 கிராம் பிசகினாலும் இந்த வயதில் கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள் வளர்ச்சி மறைந்துபோகும். நான்காம், ஐந்தாம் மாதங்களில் குழந்தை மாதத்துக்குச் சுமார் அரை கிலோ கூட வேண்டும். ஒரு எடை எதையும் சொல்லாது. போன மாதப் புள்ளியும் இந்த மாதப் புள்ளியும் சேர்ந்தால்தான் தாய் சேய் நல அட்டையில் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று தெரியும். கட்டம் காலியாக இருக்கிறதே என்று குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போடுவதைவிட அதைக் காலியாகவே விடுவது மேல். காலிக் கட்டத்தைப் பார்த்து யாராவது கேள்வி கேட்பார்கள்.

பால் எப்படிக் கலக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். மாவுப்பாலுக்குப் பொதுவாக 30 மில்லி தண்ணீருக்கு மட்டமாக ஒரு கரண்டி. டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், எடை ஏறாது. ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரும். பகலில் அதைக் கலப்பது அந்த எட்டு வயதுப் பிள்ளையாகத்தான் இருக்கும், பாவம். அவளையும் சேர்த்துத்தான் 1098-இல் சொல்ல வேண்டும்.

உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு அடையாளம், இரு குழந்தைகளின் வயது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பூட்டு, அழுகை எந்த நாளிலிருந்து நின்றது, இவ்வளவு போதும். இப்போதே சொல்லிவிட்டு, இன்று மாலை தாய் வந்ததும் போய்க் குழந்தையை மடியில் வாங்கிப் பாருங்கள், கோமதி. துவண்டு கிடந்தாலோ, பால் இழுக்காவிட்டாலோ, கைகால் சில்லிட்டிருந்தாலோ, உடனே 108.