ஆல்மண்ட் நகம்: நீளத்தைச் சொல்லாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நகத்துக்கு வைக்கும் ஆல்மண்ட் (பாதாம் பருப்பு) வடிவத்தைப் பற்றித்தான். எழுதியவர்களில் பலர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள்: சதையைத் தாண்டி நகம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை. அந்த அளவு தெரியாமல் வடிவம், நிறம், ஜெல் (லேம்ப் ஒளியில் இறுகும் பூச்சு) எதைப் பற்றியும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. அடுத்த முறை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.

கே: விரல் நுனிக்கு மேலே 1 மி.மீ. அளவுக்குத்தான் நகம் இருக்கிறது. ஆல்மண்ட் வருமா?

வராது. குறைந்தது 3, 4 மி.மீ. வேண்டும். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும், அதனால் ஒரு மாதம் பொறுங்கள். அதுவரை ஓவலாக வைத்திருங்கள், அங்கிருந்து ஆல்மண்டுக்குப் போவது சுலபம்.

கே: ஓவலுக்கும் ஆல்மண்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை அக்கா. பார்லரில் ஆல்மண்ட் என்று சொல்லித்தான் வைத்துக்கொண்டேன், தோழி பார்த்துவிட்டு இது ஓவல் என்கிறாள்.

தோழி சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஓவலில் பக்கங்கள் கிட்டத்தட்ட நேராகவே போய், நுனியில் மட்டும் அகலமாக வளையும். ஆல்மண்டில் நகம் சதையை விட்டு வெளியே வந்த உடனே இரண்டு பக்கமும் உள்நோக்கிச் சாய ஆரம்பிக்கும், நுனி ஒடுங்கும், ஆனால் மழுங்கலாக முடியும். அந்த மழுங்கல் போய் ஊசியாகிவிட்டால் ஸ்டிலெட்டோ, நுனியை நேராக வெட்டிவிட்டால் காஃபின். பார்லரில் ஆளுக்கு ஒரு ஆல்மண்ட் வைத்திருப்பார்கள், பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். நுனி எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள், ஒரு நிமிட வேலை.

கே: என் கைக்கு எந்த நீளம் பொருந்தும்? போட்டோ இணைத்திருக்கிறேன்.

போட்டோவில் விரல்களை மடக்கி வைத்திருக்கிறீர்கள். தெரிவது மூன்று நகம், அதிலும் ஃபில்டர் போட்டு வழுவழுப்பாக்கியிருக்கிறீர்கள். இதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. கையை மேசை மேல் விரித்து வைத்து, பாலிஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்.

அதற்குள் நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நகத்தின் ரோஸ் பகுதி எவ்வளவு நீளம் என்று அளந்துகொள்ளுங்கள். சொந்த நகம் என்றால் சதையைத் தாண்டிய பகுதி அதில் பாதிக்கு மேல் போக வேண்டாம். ரோஸ் பகுதி 12 மி.மீ. என்றால் வெளியே 6 மி.மீ. போதும். ஜெல்லோ அக்ரிலிக்கோ (பொடியும் திரவமும் கலந்து நகத்தின் மேல் இறுக வைப்பது) வைத்து பலப்படுத்தினால் ரோஸ் பகுதியின் அளவுக்கே நீட்டலாம். அதற்கு மேல் நீட்டுபவர்கள் இருக்கிறார்கள், நான் பரிந்துரைப்பதில்லை.

கே: ஆல்மண்ட் வைத்த ஒரு வாரத்துக்குள் நகத்தின் ஓரத்தில் விரிசல் விட்டு உடைந்துவிடுகிறது. சதையை ஒட்டியே உடைவதால் போன தடவை ரத்தம்கூட வந்துவிட்டது. என் நகமே பலவீனமா? கால்சியம் மாத்திரை சாப்பிடட்டுமா?

உங்கள் நகம் நன்றாகத்தான் இருக்கும். கால்சியமும் வேண்டாம், நகத்தில் கால்சியம் இருப்பதே சொற்பம், அதன் உறுதி கெரட்டின் என்ற புரதத்தால் வருவது. உங்கள் நகத்துக்கு ஃபைல் போட்டவர் பக்கவாட்டு ஓரங்களைத் தேய்த்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். இதைப் பற்றி நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, இன்னமும் வாரா வாரம் இதே கடிதம் வருகிறது.

நகம் சதையை விட்டுப் பிரியும் இடம் இருக்கிறதே, இரண்டு பக்கமும், அங்கேதான் எல்லா அழுத்தமும் வந்து சேரும். டப்பா மூடியைத் திறக்கும்போதும், பையின் ஜிப்பை இழுக்கும்போதும் நுனியில் படும் விசையை அந்த இரண்டு ஓரங்கள்தான் தாங்குகின்றன. நீளம் போதாத நகத்தில் ஒடுக்கமான நுனி வேண்டும் என்று ஆசைப்படும்போது ஃபைலைச் சதைக்குள் திணித்து அந்த ஓரத்திலேயே குடைந்துவிடுகிறார்கள். வீடியோக்களிலும் இதையேதான் காட்டுகிறார்கள். முடித்த கையோடு படம் எடுத்தால் மெல்லியதாக, அழகாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் அந்தக் கை எப்படி இருக்கிறது என்று எவரும் காட்டுவதில்லை.

அப்படிக் குடைந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன வெட்டு விழும். நகத்தின் நடு அடுக்கில் கெரட்டின் இழைகள் குறுக்குவாட்டில் ஓடுகின்றன, அதனால் நீளவாக்கில் கிழிப்பதைவிடக் குறுக்கே கிழிப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு சுலபம். இது நம் நல்லதுக்காக அமைந்தது, விரிசல் விட்டாலும் உள்ளே வேர் வரைக்கும் ஓடாமல் குறுக்கே போய் நின்றுவிடும். ஆனால் ஓரத்தில் வெட்டு விழுந்த நகத்துக்கு அதே அமைப்பு வினையாகிவிடுகிறது. துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு போட்டுவிட்டு இழுத்தால் மறு ஓரம் வரைக்கும் சர்ரென்று கிழியுமே, அதேதான். கிழிவது சதையை ஒட்டிய இடம் என்பதால் வலி, ரத்தம், சில சமயம் நகச்சுத்தி வரைக்கும் போய்விடும்.

இப்போது உங்கள் விரலைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். நகத்தின் ஓரம் சதையை விட்டு நேர்கோடாக வெளியே வர வேண்டும். வெளியே வரும் இடத்தில் மேல்நோக்கி ஒரு குழிவு தெரிந்தால் அது தேய்த்த இடம். தெரிகிறதா? அப்படியானால் மொத்தத்தையும் குட்டையாக வெட்டி, ஓவலாக்கி, அந்தக் குழிவு வளர்ந்து வெளியே போகும் வரை காத்திருங்கள். மேலே ஜெல் பூசி மறைத்தால் சரியாகிவிடும் என்று பார்லரில் சொல்வார்கள், ஆகாது.

ஃபைல் போடுவது இப்படித்தான்: நகத்தின் நுனி நடுவில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். சதை முடிந்து 1 மி.மீ. தள்ளி ஆரம்பித்து அந்தப் புள்ளியை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி, நாலு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். கடைசியில் நுனியை மழுக்குங்கள். சொந்த நகத்துக்கு 180 கிரிட்டுக்குக் (எண் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம்) குறைவான ஃபைல் வேண்டாம், 240 இன்னும் நல்லது, கண்ணாடி ஃபைல் இருந்தால் அதுவே போதும். 100 கிரிட் அக்ரிலிக்குக்கு உள்ளது, அதைச் சொந்த நகத்தில் வைக்கும் பார்லரிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். குளித்துவிட்டு வந்த கையோடும் ஃபைல் போடாதீர்கள், நகம் தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போய் மெத்தென்று இருக்கும், அப்போது தேய்த்தால் அடுக்கடுக்காகப் பிரியும்.

பக்கவாட்டு ஓரங்களில் கை வைக்காதீர்கள்.

கே: குட்டை, நடுத்தரம், நீளம் என்று ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம், என்ன டிசைன் போடலாம்?

குட்டை ஆல்மண்டுக்கு ஒரே நிறம்தான் அழகு. தோலின் நிறத்தை ஒட்டிய நியூட் போட்டால் நகம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் விரல் நீளமாகத் தெரியும். தோலைவிடப் பளிச்சென்று வெளுத்த வெள்ளை, வெளிர் ரோஸ் எல்லாம் நகத்தை அகலமாகக் காட்டும், தவிர்த்துவிடுங்கள். பிரெஞ்ச் (நுனியில் மட்டும் வெள்ளைக் கோடு) வேண்டுமென்றால் 1 மி.மீ.க்கு மேல் போகாத மெல்லிய கோடு, அதுவும் நுனியின் வளைவோடு ஓட வேண்டும். குறுக்கே நேர்கோடு போட்டால் ஆல்மண்ட் வைத்ததே வீண்.

நடுத்தரம், அதாவது 5, 6 மி.மீ., எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். ஆழ்ந்த சிவப்பு, கண்ணாடி போலப் பளபளக்கும் குரோம், பிரெஞ்ச், எல்லாம் நன்றாக வரும். எனக்குப் பிடித்தது கேட் ஐ என்ற காந்தத் துகள் கலந்த பாலிஷ், காந்தத்தை நகத்தின் நீளவாக்கில் பிடித்தால் நடுவில் ஓடும் ஒளிக்கோடு வடிவத்தை இன்னும் ஒடுக்கிக் காட்டும்.

நீள ஆல்மண்டுக்கு அடர் நிறங்கள் கம்பீரமாக இருக்கும், ஆனால் வடிவத்தில் உள்ள கோணல் அத்தனையும் அடர் நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பத்து நகமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கறுப்பைக் கையில் எடுங்கள். கல் ஒட்டுவதாக இருந்தால் க்யூட்டிகிள் (நகத்தின் அடியில் உள்ள தோல் ஓரம்) பக்கம் ஒட்டுங்கள். நுனியில் ஒட்டினால் கனம் முழுக்க அங்கே போய், முடி, துணி என்று எல்லாவற்றிலும் மாட்டும்.

கே: என் நகம் அகலம், விரலும் குட்டை. ஆல்மண்ட் எனக்கு ஒத்துவருமா?

உங்களுக்குத்தான் நன்றாக ஒத்துவரும். நடுத்தர நீளம் வையுங்கள், பாலிஷ் போடும்போது இரண்டு பக்கமும் அரை மி.மீ. இடம் விட்டுப் போடுங்கள். ஒடுக்க வேண்டும் என்று ஓரத்தைத் தேய்க்காதீர்கள், மேலே எழுதியிருப்பதை இன்னொரு முறை படியுங்கள்.

கே: நீள ஆல்மண்டுக்கு ஜெல் நல்லதா, அக்ரிலிக் நல்லதா?

இரண்டுமே தாங்கும், பார்க்க வேண்டியது பூச்சின் மேடு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைத்தான். பக்கவாட்டில் பார்த்தால் அழுத்தம் விழும் பகுதிக்கு மேல் சற்று உயர்ந்து, க்யூட்டிகிள் பக்கமும் நுனிப் பக்கமும் மெலிந்து இறங்க வேண்டும். முழுக்க ஒரே தடிமனாக இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்காது, உடையவும் செய்யும். மூன்று வாரத்தில் அந்த மேடு 2 மி.மீ. முன்னால் நகர்ந்துவிடும். அதற்குத்தான் ரீஃபில், அதாவது வளர்ந்த இடத்தை நிரப்பி மேட்டைச் சரிசெய்வது, செய்யச் சொல்வது. இடைவெளி தெரியாத நிறம் போட்டுக்கொண்டு ஆறு வாரம் ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

கே: ஜெல் போட்ட மறுநாளிலிருந்து விரல் நுனியெல்லாம் அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். வேறு பிராண்ட் மாற்றிப் பார்க்கலாமா?

கூடாது. உடனே எடுத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். இது ஜெல்லின் மூலப்பொருளான அக்ரிலேட்டால் வரும் ஒவ்வாமையாக இருக்க அதிக வாய்ப்பு, இந்த வகைப் பொருள் எல்லா பிராண்டிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். பல் சிகிச்சையில் பயன்படும் சில பொருட்களிலும் இதே வகை உண்டு என்பதால் பல் மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள். மற்றவர்களுக்கு: லேம்பில் கை வைப்பதற்கு முன் தோலில் பட்ட ஜெல்லைத் துடைத்துவிடுங்கள், மெல்லிய கோட்டாகப் போடுங்கள், அந்த ஜெல்லுக்கு உரிய லேம்பையே பயன்படுத்துங்கள். சரியாக இறுகாத ஜெல்தான் வில்லன்.

கே: டிபிஓ (ஜெல்லை ஒளியில் இறுக வைக்கும் வேதிப்பொருள்) இருக்கும் ஜெல்லைத் தடை செய்துவிட்டார்களாமே?

ஐரோப்பிய ஒன்றியத்தில், 2025 செப்டம்பர் 1 முதல். விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்ததில் இனப்பெருக்கத்தைப் பாதிக்கிறது என்று தெரிந்ததால். டிபிஓ இல்லாத ஜெல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

கே: பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிட்டால் நகம் சீக்கிரம் வளருமா?

உடம்பில் பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்குப் பெரிய பலன் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படியும் சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மறக்காமல் சொல்லிவிடுங்கள். தைராய்டு, இதயம் சம்பந்தப்பட்ட சில பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிக் காட்டிவிடும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017ல் இதற்காக எச்சரிக்கையே விட்டது.

கே: ஜெல்லை உரித்து எடுக்கிறேன், சுலபமாகத்தான் வருகிறது. ஆனால் நகம் வரவரக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உரிக்கும்போது ஜெல்லோடு சேர்ந்து உங்கள் நகத்தின் மேலடுக்கும் வந்துவிடுகிறது. பளபளப்பை லேசாகத் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து, மரக்குச்சியால் தள்ளி எடுங்கள். வராவிட்டால் இன்னும் 5 நிமிடம். போன அடுக்கு திரும்பி வராது, புது நகம் முழுதாக வளர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.

கே: கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன், எந்த நீளம் வரைக்கும் வைக்கலாம்?

குட்டை ஆல்மண்ட். லென்ஸை விரல் சதையால் தொட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நீளம் அதிகம், வெட்டிவிடுங்கள்.

கே: கால் நகத்துக்கும் ஆல்மண்ட் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கால் நகத்தை நேராக வெட்டி முனைகளை மட்டும் லேசாக மழுக்குங்கள். ஓரத்தை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும்.

கே: ஒன்பது நகம் அருமையாக வளர்ந்திருக்கிறது, ஆள்காட்டி விரல் மட்டும் நேற்று உடைந்துவிட்டது. மிச்ச ஒன்பதையும் வெட்டிவிடவா? வரும் வெள்ளிக்கிழமை விசேஷம்.

எந்த இடத்தில் உடைந்தது என்று எழுதவில்லை. நுனியில் என்றால் ஒன்பதையும் நடுத்தரத்துக்குக் குறைத்து, உடைந்ததை ஓவலாக்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அடர் நிறம் போட்டால் வித்தியாசம் எவர் கண்ணிலும் படாது. சதையை ஒட்டி உடைந்திருந்து, வலியோ வீக்கமோ இல்லையென்றால், அந்த ஒரு விரலுக்கு மட்டும் ஜெல் டிப் (ஒட்டும் செயற்கை நகம்) வைக்கச் சொல்லுங்கள், வெள்ளி வரை தாங்கும். வலி இருந்தால் அதன் மேல் எதையும் ஒட்டாதீர்கள், விசேஷத்துக்கு ஒரு குட்டை நகத்தோடு போனால் ஒன்றும் ஆகிவிடாது.