முதல் கெக்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டெக்சாஸில் எங்கள் கராஜின் ஒரு மூலையில் பீர் காய்ச்சத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் பாட்டிலில்தான் அடைத்தேன். ஒரு தடவை காய்ச்சினால் 5 காலன், அதாவது 19 லிட்டர். 355 மில்லி பாட்டிலில் ஐம்பதுக்கு மேல் வரும். அத்தனையையும் கழுவி, கிருமி நீக்கி, மூடி அழுத்தி நிமிரும்போது இரவு ஒரு மணி ஆகிவிடும். அந்தச் சலிப்பில்தான் கெக்குக்கு மாறினேன்: மொத்த பீரையும் ஒரே ஸ்டீல் பாத்திரத்தில் அடைத்து, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கேஸை ஏற்றி, குழாய் வழியாகக் கிளாஸில் பிடித்துக்கொள்ளலாம். கேள்விகளை அனுப்புங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி நுரையைப் பற்றியவை, எதிர்பார்த்ததுதான்.

நியூஜெர்சியிலிருந்து: அக்கா, பழைய கெக் மலிவாகக் கிடைக்கிறது. பால் லாக், பின் லாக் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

கெக்கில் குழாயை மாட்டும் முனையின் வகையை வைத்து வந்த பெயர்கள் இவை (ball lock, pin lock). இரண்டுமே ஒரு காலத்தில் குளிர்பானக் கடைகளுக்கு சிரப் சுமந்த பாத்திரங்கள். கார்னீலியஸ் என்ற கம்பெனி செய்ததால் 'கார்னி கெக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெப்சிக்காரர்கள் பால் லாக் வைத்திருந்தார்கள், கோக் பக்கம் பின் லாக். பிறகு சிரப் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் வர ஆரம்பித்ததும், வேலை போன கெக்கெல்லாம் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்தது.

பால் லாக் ஒல்லியாக உயரமாக இருக்கும், பின் லாக் குட்டை, சற்றே பருமன். பீரின் சுவையில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் இப்போது புதிதாக வருபவை பெரும்பாலும் பால் லாக், உதிரிப் பாகமும் அதற்குத்தான் சுலபமாகக் கிடைக்கிறது. அதையே வாங்குங்கள். இரண்டையும் கலந்து வாங்கினால் குழாயைக் கெக்கில் மாட்டும் இணைப்பான்களையும் இரண்டு வகை வைத்துக்கொண்டு அலைய வேண்டும்.

பழையது என்றால் மூடியில் ஒன்று, இரண்டு முனைகளிலும் உள்ளே போகும் குழாய்களிலும் நாலு என்று எல்லா ரப்பர் வளையங்களையும் மாற்றிவிடுங்கள். சில டாலர் வேலைதான். நான் சோம்பல்பட்டு மாற்றாமல் விட்டேன். முதல் பீரில், கெக்கில் முன்பு இருந்த ரூட் பீர் என்ற குளிர்பானத்தின் வாசனை தூக்கியது.

டொராண்டோவிலிருந்து: கழுவுவதற்கு வீட்டில் இருக்கும் ப்ளீச் போதுமா?

வேண்டாம். குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரித்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழவைக்கும். பிபிடபிள்யூ மாதிரி காரத்தூளை வெந்நீரில் கலந்து ஊறவைத்து, அலசி, பிறகு ஸ்டார் சான் போன்ற கிருமிநீக்கியைப் பயன்படுத்துங்கள். பீர் வெளியே வரும் நீளக் குழாயைக் கழற்றி அதற்குள்ளும் பிரஷ் விட வேண்டும். அழுக்கு ஒளிந்திருப்பது அங்கேதான்.

மெல்பர்னிலிருந்து: நொதித்த பீரை மூடியைத் திறந்து அப்படியே ஊற்றிவிடலாமா?

ஊற்றினால் காற்றும் சேர்ந்து போகும். ஆக்சிஜன் பட்ட பீர் சில வாரத்தில் நனைந்த அட்டை மாதிரி சுவைக்கும். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைத் தூக்கலாகப் போட்ட ஐபிஏ வகை பீர் என்றால் நிறமும் பழுப்படித்துவிடும்.

முதலில், நொதித்து முடிந்ததா என்று பாருங்கள். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். பிறகு நான் செய்வது இது: கெக்கை விளிம்புவரை கிருமிநீக்கிக் கரைசலால் நிரப்பி, மூடி போட்டு, கேஸை விட்டு அந்தக் கரைசலையெல்லாம் வெளியே தள்ளிவிடுவேன். இப்போது உள்ளே கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான். மேலே உள்ள பாதுகாப்பு வால்வைத் திறந்துவிட்டு, பீரை நீளக் குழாய் வழியாகவே உள்ளே விட்டால் அடியிலிருந்து சத்தமில்லாமல் நிரம்பும். அடி வண்டலை மட்டும் கிளறாதீர்கள். கொஞ்சம் வந்துவிட்டால் முதல் ஒன்றிரண்டு கிளாஸ் கலங்கலாக வரும், கொட்டிவிடலாம்.

சான்ஹோசேயிலிருந்து: சனிக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள், இன்று வியாழன். கெக்கை உருட்டிக் குலுக்கினால் கேஸ் சீக்கிரம் ஏறுமாமே?

ஏறும். எவ்வளவு ஏறியது என்பதுதான் தெரியாது. குலுக்கி ஏற்றிய பீரில் அளவு தாண்டிவிட்டால் இறக்குவதற்கு இரண்டு நாள் ஆகும்.

குளிர்ந்த பீர்தான் கேஸை நன்றாக இழுத்துக்கொள்ளும். 3 டிகிரி செல்சியஸில் கேஸ் அழுத்தத்தை 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வைத்தால் பீரின் கொள்ளளவைப் போல இரண்டரை மடங்கு கேஸ் கரையும், ஏல் என்ற பீர் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே சரி. அதே அளவு கேஸ் 20 டிகிரியில் கரைய 30 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் வேண்டும். எனவே பிரிட்ஜில் வைத்து 12இல் திருகிவிட்டுப் பத்து நாள் மறந்துவிடுங்கள் என்பதே என் வழக்கமான பதில்.

உங்களுக்குப் பத்து நாள் இல்லை, சரி. இன்றிரவே நன்றாகக் குளிரவைத்து, 30 பிஎஸ்ஐயில் 24 மணி நேரம் விடுங்கள். பிறகு வால்வைத் திறந்து மேலே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு 12க்கு இறக்குங்கள். சனிக்கிழமை மாலை குடிக்கிற மாதிரி இருக்கும். அடுத்த சனிக்கிழமை இன்னும் நன்றாக இருக்கும், அப்போது மிச்சம் இருந்தால்.

லண்டனிலிருந்து: எல்லாம் சரியாகச் செய்தேன். திறந்தால் கிளாஸ் முழுக்க நுரைதான். அழுத்தத்தை 4க்குக் குறைத்தும் பார்த்துவிட்டேன். என்ன தப்பு?

எல்லாருடைய கையும் முதலில் போவது அழுத்தத்தைக் குறைக்கத்தான். அது பலிக்காது. 4 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் பீரில் கரைந்திருக்கும் கேஸ் 'மேலே இடம் இருக்கிறதே' என்று வெளியே கிளம்பும், குழாய்க்குள்ளேயே குமிழி கட்டும். இன்று நுரை, அடுத்த வாரம் சப்பென்ற பீர்.

கெக்குக்குள் 12 பிஎஸ்ஐ, கிளாஸுக்கு மேல் ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசத்தை வழியிலேயே மெதுவாகக் கரைக்க வேண்டும், அதைச் செய்வது கெக்கிலிருந்து பீரைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாயின் நீளம். உள்விட்டம் 3/16 அங்குலம் உள்ள குழாய் என்றால் சுமார் 10 அடி வேண்டும். தொகுப்பாக விற்கும் பெட்டிகளில் சிலவற்றில் 5 அடிதான் வைக்கிறார்கள். பீர் அதில் பீய்ச்சிக்கொண்டு வந்து கிளாஸில் மோதி நுரையாகிறது. உங்கள் குழாயை அளந்து பாருங்கள். நீளமாக இருக்கிறதே என்றால் சுருட்டிப் பிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

நீளம் சரியாக இருந்தால் அடுத்தது சூடு. முதல் கிளாஸ் நுரை, இரண்டாவது நன்றாக வருகிறதா? குற்றவாளி, பிரிட்ஜுக்கு வெளியே நிற்கும் அந்த அழகான டவர், அதாவது பீர் திறப்பைத் தாங்கும் தூண். அதற்குள் நின்ற பீர் சூடாகிவிடும். சின்ன விசிறி வைத்துப் பிரிட்ஜின் குளிர்காற்றை அதற்குள் ஏற்றுகிறவர்கள் உண்டு. எல்லா கிளாஸும் நுரை என்றால் கேஸ் மிஞ்சியிருக்கலாம். சிலிண்டரை மூடி, இணைப்பானைக் கழற்றி, ஒரு நாளில் நாலைந்து தடவை வால்வைத் திறந்து விடுங்கள்.

அப்புறம், திறக்கும்போது பயந்து பயந்து பாதி திறக்காதீர்கள். ஒரே இழுப்பில் முழுசாகத் திறக்க வேண்டும். பாதி திறந்த குழாய் எந்த அமைப்பிலும் நுரைதான் தரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

சிகாகோவிலிருந்து: புது 5 பவுண்டு சிலிண்டர் இரண்டே நாளில் காலி. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

கசிந்திருக்கும். 5 பவுண்டு கேஸ் ஆறேழு கெக்குக்காவது வர வேண்டும். எனக்கும் ஒரு ராத்திரியில் மொத்தமும் போனது. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே போட வேண்டிய சின்ன வாஷர் மேஜைமேலேயே கிடந்தது.

ஊரில் அடுப்பு சிலிண்டரில் சோப்பு நுரை தடவிப் பார்ப்போமே, அதே வேலைதான். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். மூடியின் வளையம் குக்கர் கேஸ்கெட் மாதிரி. உணவுக்கு ஏற்ற மசகை மெல்லத் தடவி, மூடியதும் 30 பிஎஸ்ஐ கொடுத்தால் 'டப்' என்று உட்காரும். சாம்பல் நிற இணைப்பான் கேஸுக்கு, கறுப்பு பீருக்கு. மாற்றி அழுத்தினால் சிக்கிக்கொண்டு கழற்றவே வராது.

அதே நண்பர்: அழுத்த மீட்டரைப் பார்த்து, கேஸ் தீரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா?

முடியாது. உள்ளே இருப்பது திரவம். கடைசிச் சொட்டு ஆவியாகும்வரை முள் அசையாது, பிறகு மளமளவென்று விழும். எடை போட்டுப் பாருங்கள். காலி எடை சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும்.

சியாட்டிலிலிருந்து: அபார்ட்மெண்டில் உடைகள் வைக்கும் சிறிய அறையில் சிலிண்டரை வைக்கலாமா?

நான் வைக்க மாட்டேன். 5 பவுண்டும் வெளியேறினால் ஆயிரம் லிட்டருக்கு மேல் கேஸ், மூடிய சிறிய அறையில் அது ஆளை மயக்கிவிடும். காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி, சாயாமல் கட்டி வையுங்கள். நிரப்பி வரும்போது வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள்.

டல்லாஸிலிருந்து: எங்கள் பொங்கல் விழாவில் கெக்கை வைத்து கிளாஸுக்கு 5 டாலர் வாங்கலாமா? பணம் நன்கொடைக்குத்தான்.

வாங்கக் கூடாது, நன்கொடைக்கு என்றாலும். 1978இல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுக் காய்ச்சலுக்கு வரிவிலக்குத் தந்தது: பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு வருடம் 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200. சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்பனைக்கு இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறு உண்டு. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இதை அனுமதித்தன. வீட்டில் நண்பர்களுக்குக் கொடுங்கள். பொங்கலன்று பொங்கல் சாப்பிடுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: அடுத்த வருடம் கோயம்புத்தூருக்கே திரும்புகிறோம். கெக்கைக் கொண்டுபோகலாமா?

கெக்கைக் கொண்டுபோங்கள், காய்ச்சுவதை இங்கேயே விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம்.

ஆனால் பன்னீர் சோடாவுக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. சர்க்கரைப் பாகு, எலுமிச்சை, பன்னீர், தண்ணீர். நன்றாகக் குளிரவைத்து 30 பிஎஸ்ஐயில் ஒரு வாரம். பீருக்கு வைத்த 10 அடிக் குழாய் இதற்குப் போதாது, 20 அடியாவது போடுங்கள். குழாயும் ரப்பர் வளையங்களும் இதற்கென்று தனியாக இருக்கட்டும். பன்னீர் வாசனை ஒரு தடவை ஏறினால் இறங்காது. என்னிடம் ஒரு கெக் அப்படித்தான் பிள்ளைகள் வசம் போய்விட்டது.